‘வெயிட்டைக் குறைங்க’ என்று சொல்லும் முன்: மருத்துவர்களுக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்: தமிழ்நாட்டில் எடைக்குறைப்பைப் பரிந்துரைக்கும் பொதுநல, நீரிழிவு, மகப்பேறு மருத்துவர்கள்; அவர்களோடு பணியாற்றும் உணவு ஆலோசகர்கள்; மருத்துவச் சங்கங்களின் பொறுப்பாளர்கள்.

மதிப்புக்குரிய மருத்துவர்களே,

சர்க்கரைக்கோ நீர்க்கட்டிக்கோ முழங்கால் வலிக்கோ உங்களிடம் வருகிறவர்களை உங்களில் சிலர் இப்போது வாட்ஸ்அப் குழுக்களில் சேர்க்கிறீர்கள். ஞாயிறு காலை எல்லோரும் வெறும் வயிற்றில் எடை பார்த்து, எடை மெஷினைப் படமெடுத்துக் குழுவில் போட வேண்டும். யாருக்கு அதிகம் குறைந்திருக்கிறதோ அவர் பெயரைக் குழுவை நடத்துபவர் முதலில் எழுதுவார். கீழே கைதட்டல் படங்கள் வரிசைகட்டும். நான் போய்வந்த மருத்துவமனையும் என்னை அப்படி ஒரு குழுவில் சேர்த்தது. என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான் ஈட்டிங் டிஸ்ஆர்டர் எனப்படும் உண்ணல் கோளாறிலிருந்து மீண்டுகொண்டிருப்பவள் என்பதை அங்கே என் வாயால் சொல்லியிருந்தேன். என் ஃபைலிலும் அது எழுதப்பட்டிருக்கிறது.

அந்தக் குழுவில் ஒரு கல்லூரி மாணவி இருந்தாள். நீர்க்கட்டிக்காக வந்தவள் என்று அவளே எழுதியிருந்தாள். வாராவாரம் அவள் பெயர்தான் முதலில் வரும். போகப்போக அவள் கேட்கும் கேள்விகள் மாறின. ராத்திரி தூக்கம் வரவில்லை, கை கால் சில்லென்று இருக்கிறது, தலை வாரினால் முடி கொத்தாக வருகிறது, வந்துகொண்டிருந்த மாதவிலக்கும் நின்றுவிட்டது, இதெல்லாம் சரியாகிவிடுமா என்று கேட்டாள். “பாடி டயட்டுக்கு செட் ஆகுதும்மா, கண்டினியூ பண்ணுங்க” என்று பதில் வந்தது. அதற்கும் நாலு பேர் கைதட்டினார்கள். ‘இந்தப் பெண்ணை டாக்டர் உடனே நேரில் கூப்பிட்டுப் பார்க்க வேண்டும்’ என்று நான் எழுதினேன். கொஞ்ச நேரத்தில் என் செய்தி நீக்கப்பட்டது. “இப்படிப் போட்டா மத்தவங்க மோட்டிவேஷன் போயிடும் மேடம்” என்று எனக்குத் தனியாகச் செய்தி வந்தது. டாக்டரின் பார்வைக்கு எழுதிக்கொடுத்த கடிதத்துக்கு இன்றுவரை பதில் இல்லை. அதனால்தான் இதைப் பொதுவில் எழுதுகிறேன்.

நான் மதுரையில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் ஆசிரியை. ஒரு குழந்தைக்குத் தாய். பதினேழு வயதில், விடுதியில் தங்கிப் படித்தபோது எனக்குப் புலிமியா தொடங்கியது. இந்த மடலில் என் எடை எவ்வளவு, எத்தனை கிலோ ஏறினேன், இறங்கினேன், என்ன அளவு சாப்பிட்டேன் என்று எதையும் எழுதப்போவதில்லை. எங்களைப் போன்றவர்கள் இதைப் படித்தால் அந்த எண்ணைத் தங்கள் எண்ணோடு வைத்துப் பார்ப்பார்கள். வேறெதுவும் மனதில் நிற்காது.

புலிமியா என்னவென்று உங்களுக்குத் தெரியும். ஆனாலும் நோயாளியின் பக்கமிருந்து சொல்கிறேன். நாள் முழுக்கச் சாப்பிடாமல் வைராக்கியமாக இருப்பேன். சாயங்காலம் ஏதோ ஒரு நொடியில் அந்த வைராக்கியம் உடையும். அப்புறம் கையில் கிடைப்பதையெல்லாம், ருசிகூடத் தெரியாமல், யாரும் பார்க்காத இடத்தில் தின்பேன். தின்று முடித்ததும் வரும் வெட்கமும் பயமும் சொல்லி மாளாது. தின்றதை எப்படியாவது உடம்பை விட்டு வெளியேற்றிவிட வேண்டும், நாளைக்குப் பட்டினி கிடந்து ஈடுகட்ட வேண்டும் என்று மனம் துடிக்கும். மறுநாள் மீண்டும் பட்டினி. 1979இல் லண்டனில் ஜெரால்ட் ரஸ்ஸல் என்ற உளமருத்துவர் இதைத் தனி நோயாக விவரித்தார். இந்த நோய் இருப்பவர்களில் பெரும்பாலோர் பார்ப்பதற்குச் சாதாரண உடம்போடோ கொஞ்சம் பருமனாகவோதான் இருப்பார்கள். நானும் அப்படித்தான் இருந்தேன்.

என் நோயை முதலில் கண்டுபிடித்தவர் ஒரு பல் மருத்துவர். பல் கூச்சத்துக்காகப் போயிருந்தேன். மேல்வரிசை முன்பற்களின் உட்பக்கம் எனாமல் கரைந்திருந்ததைக் கண்ணாடி வைத்துப் பார்த்தார். அம்மாவை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, மாஸ்க்கைக் கழற்றி, “அடிக்கடி வாந்தி வருதாம்மா, இல்ல வர வைக்கிறியா?” என்று தாழ்ந்த குரலில் கேட்டார். அவ்வளவுதான் கேட்டார். அதற்கு முன் தலைசுற்றல், மாதவிலக்குக் கோளாறு, நெஞ்சு படபடப்பு என்று வருஷக்கணக்கில் டாக்டர்களைப் பார்த்திருக்கிறேன். எல்லோரும் எடையைப் பார்த்தார்கள். சத்து மாத்திரை எழுதினார்கள். ‘கொஞ்சம் குறைச்சா நல்லது’ என்றார்கள். எப்படிச் சாப்பிடுகிறாய் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. பல் மருத்துவர் சொல்லித்தான் உளமருத்துவரிடம் போனேன். அங்கே ரத்தம் எடுத்தபோது பொட்டாசியம் இறங்கியிருந்தது. அது இதயத் துடிப்பையே தடுமாற வைக்கும் என்று உடனே ஈசிஜி எடுத்தார்கள். அந்தப் படபடப்புக்குத்தான் அதுவரை சத்து மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

சிகிச்சை பலித்தது. பல வருஷம் நன்றாக இருந்தேன். கர்ப்பத்தின்போது சர்க்கரை வந்தது. பிரசவத்துக்குப் பின் போகும் என்றார்கள். முழுதாகப் போகாமல் எல்லைக்கோட்டில் நின்றது. எடையைக் குறைத்தால் நல்லது என்று சொன்னார்கள். அதை நான் மறுக்கவே இல்லை. என் அப்பாவுக்குச் சர்க்கரை, அம்மாவுக்குச் சர்க்கரை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலும் (ஐசிஎம்ஆர்) சென்னையின் மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளையும் சேர்ந்து நடத்திய ‘இண்டியாப்’ (INDIAB) என்ற ஆய்வு 2023இல் வெளியானபோது, நாட்டில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய், இன்னும் 13.6 கோடிப் பேர் அதன் வாசலில் நிற்கிறார்கள் என்ற செய்தியை வகுப்பில் பிள்ளைகளுக்குப் படித்துக்காட்டியவள் நான். உங்கள் கவலை நியாயமானது. அதைச் செயல்படுத்தும் விதம் எங்களில் ஒரு பகுதியினரைக் கொன்றுவிடக்கூடியது என்பதுதான் என் முறையீடு.

நான் போன இடத்தில் எடை மெஷின் வராந்தாவில் இருந்தது. ஏறி நின்றதும் செவிலியர் எண்ணை உரக்கச் சொன்னார். எதிர் மேசையிலிருந்து இன்னொருவர் அதைத் திருப்பிச் சொல்லிக்கொண்டே எழுதினார். டோக்கனோடு காத்திருந்த அத்தனை பேர் காதிலும் விழுந்தது. உள்ளே போனதும் என் பழைய நோயைப் பற்றி டாக்டரிடம் நானே பேச்செடுத்துச் சொன்னேன். அவர் என்னை ஒரு தடவை மேலும் கீழும் பார்த்தார். “பாத்தா அப்படித் தெரியலையேம்மா. அதெல்லாம் எலும்பும் தோலுமா இருக்கறவங்களுக்கு வர்றது. இப்ப நல்லாத்தானே இருக்கீங்க?” என்றார். பிறகு மேசை டிராயரிலிருந்து ஒரு தாளை எடுத்தார். அடியில் மருந்து கம்பெனியின் பெயர் அச்சாகியிருந்தது. ஜெராக்ஸுக்கு மேல் ஜெராக்ஸ் எடுத்ததில் வரிகள் சாய்ந்து, ஓர் ஓரம் மங்கிப் போயிருந்தது. காலையில் இத்தனை இட்லி, மதியம் இத்தனை கரண்டி சாதம், ராத்திரி இத்தனை சப்பாத்தி. ‘தவிர்க்க வேண்டியவை’ என்ற தலைப்பின் கீழ் தேங்காய்ச் சட்னி தொடங்கி வாழைப்பழம் வரைக்கும் ஒரு நீளப் பட்டியல். தாளின் மேல் மூலையில் பேனாவால் ஓர் எண்ணை எழுதி, அதைச் சுற்றி இரண்டு வட்டம் போட்டார். அதுதான் என் இலக்கு எடை. “ஒரு மாசம் கழிச்சு வாங்க.”

டாக்டர்களே, அந்தத் தாளில் இருந்த ஒவ்வொரு வரியும் என் நோயின் குரலில் எழுதியதுபோல இருந்தது. இதைத் தின்னாதே, இத்தனைக்கு மேல் தின்னாதே, இந்த எண்ணுக்கு இறங்கும்வரை நீ உருப்படியில்லை. பதினேழு வயதிலிருந்து என் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்த பேச்சு இது. அதை அடக்க எனக்கு வருஷங்கள் ஆகியிருந்தன. அதையே இப்போது ஒரு மருத்துவர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அந்த வாரமே ராத்திரிகளில் பழைய கணக்கு ஓடத் தொடங்கிவிட்டது. என் உளமருத்துவரின் நம்பர் போனில் இருந்ததால் பிழைத்தேன். அந்த நம்பர் இல்லாதவர்கள் என்ன செய்வார்கள்?

பென்சிலின் ஊசி போடும் முன் ஒவ்வாமை உண்டா என்று கேட்காமல் நீங்கள் ஊசியைத் தொடமாட்டீர்கள். எடையைக் குறைக்கச் சொல்வதற்கு முன்பும் அப்படி ஒரு கேள்வி வேண்டும். இது என் சொந்த அபிப்பிராயம் இல்லை. இங்கிலாந்தில் மருத்துவ வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் (NICE) அமைப்பு 2017இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், அடக்கமுடியாமல் அள்ளித் தின்னும் கோளாறுக்குச் சிகிச்சை நடக்கும் காலத்தில் உணவைக் குறைத்து எடையிறக்க முயல வேண்டாம், அது அந்தத் தின்னலையே தூண்டிவிடக்கூடும் என்று நோயாளிகளுக்குச் சொல்லும்படி கூறியிருக்கிறது. உயரத்தையும் எடையையும் வைத்துக் கணக்கிடும் பிஎம்ஐ போன்ற ஒற்றை அளவை வைத்துக்கொண்டு உண்ணல் கோளாறுக்குச் சிகிச்சை தேவையா இல்லையா என்று முடிவெடுக்கக் கூடாது என்றும் அதில் இருக்கிறது. நீர்க்கட்டி எனப்படும் பிசிஓஎஸ்ஸுக்கான 2023ஆம் ஆண்டின் சர்வதேச வழிகாட்டுதல், அந்த நோயாளி எந்த எடையில் இருந்தாலும் உண்ணல் கோளாறு இருக்கிறதா என்று யோசிக்க வேண்டும், குறிப்பாக எடைக்குறைப்பைப் பற்றிப் பேசும்போது யோசிக்க வேண்டும் என்கிறது. வாட்ஸ்அப் குழுவில் இருந்த அந்தக் கல்லூரி மாணவிக்கு அளவெடுத்து எழுதியதுபோல இருக்கிறது இந்த வாசகம். குழுவை நடத்தியவர்கள் இதைப் படித்திருந்தால் அவளுக்குக் கைதட்டியிருக்கமாட்டார்கள்.

பட்டினி மனிதனை என்ன செய்யும் என்பதும் இன்று நேற்றுத் தெரிந்த விஷயம் இல்லை. இரண்டாம் உலகப்போர் முடியும் தறுவாயில், 1944 முதல் 1945 வரை, அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்ற உடலியல் அறிஞர் ஒரு சோதனை நடத்தினார். மனசாட்சியின்படி போருக்குப் போக மறுத்த இளைஞர்கள் 36 பேர் அதற்குத் தாமாக முன்வந்தார்கள். உடம்பிலும் மனதிலும் ஆரோக்கியமானவர்களாகப் பார்த்துப் பொறுக்கியெடுத்தார்கள். 24 வாரம் அவர்களுக்கு அரைப் பட்டினி. விளைவு என்ன? வாட்டசாட்டமான அந்த ஆண்கள் சமையல் புத்தகங்களைச் சேகரிக்க ஆரம்பித்தார்கள். கனவிலும் நினைவிலும் சாப்பாடு. தட்டை நக்கினார்கள். எரிச்சல், மனச்சோர்வு, யாரோடும் பேசப் பிடிக்காமை. சிலர் கட்டுப்பாட்டை மீறி அள்ளித் தின்றுவிட்டுக் குற்றவுணர்ச்சியில் துடித்தார்கள். மறுபடி முழுச் சாப்பாடு கொடுத்த பிறகும் பலருக்கு வயிறு நிறைந்த உணர்வு உடனே திரும்பவில்லை. வயிறு முட்டத் தின்றுவிட்டு இன்னும் பசிக்கிறது என்றார்கள். ஒரு கோளாறும் இல்லாத மனிதர்களுக்கே கட்டுப்பாடான பட்டினி இதைச் செய்தது. ஏற்கெனவே இந்த நோயில் விழுந்து எழுந்த ஒருத்திக்குச் சட்டென்று ‘பாதியாகக் குறை’ என்று சொன்னால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். அவளுக்கு மனவுறுதி போதவில்லை என்று உங்களில் பலர் அடுத்த தடவை திட்டுகிறீர்கள். பட்டினி கிடந்த உடம்பு சாப்பாடு கேட்கிறது. அது மனவுறுதி சம்பந்தப்பட்ட சங்கதியே இல்லை.

அதே ஆன்செல் கீஸ்தான் 1972இல், பெல்ஜியத்தின் புள்ளியியல் அறிஞர் கெட்லே 19ஆம் நூற்றாண்டில் சராசரி மனிதனின் உடலளவை ஆராய்ந்தபோது உருவாக்கிய சூத்திரத்துக்கு பிஎம்ஐ என்று பெயர் வைத்துப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். மக்கள் கூட்டத்தை ஆராய்வதற்கு அது உதவும். உங்கள் முன்னால் உட்கார்ந்திருக்கும் பெண் நேற்றிரவு என்ன பாடுபட்டாள் என்று அது சொல்லாது. சாப்பாட்டைக் குறைத்துக்குறைத்து உடம்பை வற்றவைக்கும் உண்ணல் கோளாறுக்கு அனோரெக்ஸியா என்று பெயர். எடை நிறைய இறங்கியபின்னும் பிஎம்ஐ சாதாரண அளவிலேயே நிற்கும் அனோரெக்ஸியாவும் உண்டு. உள்ளே அதே ஆபத்து. உளநோய்களிலேயே அதிக உயிர்ப்பலி வாங்குபவற்றில் அனோரெக்ஸியா ஒன்று என்பது உங்கள் பாடப்புத்தகத்தில் இருக்கும் விஷயம்.

இனி, பத்திரமாகச் செய்யலாம் என்பதற்கு நானே சாட்சி. அதை விரிவாகவே சொல்கிறேன். இதில் ஒன்றும் பெரிய இயந்திரமோ வெளிநாட்டு மருந்தோ இல்லை.

நான் போனில் சொன்னதைக் கேட்டதும் என் உளமருத்துவர், “அந்தத் தாளைக் கிழிச்சுடுங்க. சர்க்கரையைப் பாக்கலாம், எடையை இப்ப தொட வேண்டாம்” என்றார். அவருக்குத் தெரிந்த ஒரு உணவு ஆலோசகரையும் சேர்த்துக்கொண்டார். மூன்று பேரும் உட்கார்ந்து பேசினோம். முதல் சில மாதம் வேளாவேளைக்குச் சாப்பிடுவது ஒன்றுதான் வேலை. மூன்று வேளைச் சாப்பாடு, நடுவே இரண்டு மூன்று சிறுதீனி, எந்த இரண்டுக்கும் இடையில் நான்கு மணி நேரத்துக்கு மேல் இடைவெளி விடக்கூடாது. ஆக்ஸ்ஃபோர்டின் கிறிஸ்டோஃபர் ஃபேர்பர்ன் உருவாக்கிய சிகிச்சைமுறையின் அடிப்படையே இந்த ஒழுங்கான சாப்பாடுதான் என்று உளமருத்துவர் விளக்கினார். பசி முற்றிப் பேயாகாமல் பார்த்துக்கொண்டால் அள்ளித் தின்னல் தானே அடங்கும்.

உணவு ஆலோசகர் என்னிடம் முதலில் கேட்டது, “உங்க வீட்ல காலைல யாரு சமைக்கிறாங்க, என்ன செய்வாங்க?” என்றுதான். எதையும் தடைசெய்யவில்லை. சோற்றை எடுக்கச் சொல்லவில்லை. சோற்றுக்குப் பக்கத்தில் பொரியலையும் பருப்பையும் கூட்டினார், முட்டையைச் சேர்த்தார். தேங்காய்ச் சட்னி தொடர்ந்தது. எனக்கு ஆபத்தான நேரம் எது என்று கேட்டார். பள்ளி விட்டு வீட்டுக்குள் நுழையும் நேரம். மதியம் பன்னிரண்டரைக்குச் சாப்பிட்டது, அப்புறம் நான்கு பீரியடு, பேருந்தில் நின்றுகொண்டே பயணம். ஐந்தரைக்குக் கதவைத் திறக்கும்போது கை நடுங்கும். அந்த ஒரு நேரத்தைச் சரிசெய்ய மட்டும் வாரக்கணக்கில் உழைத்தோம். கடைசி மணி அடித்ததும் ஸ்டாஃப் ரூமிலேயே டப்பாவைத் திறந்து உட்காருவேன். கொண்டைக்கடலைச் சுண்டல், இல்லாவிட்டால் வறுத்த நிலக்கடலையும் ஒரு பழமும். சக ஆசிரியைகளோடு பேசிக்கொண்டே, நிதானமாக. பேருந்துக்குக் கிளம்பும் முன் சாப்பிட்டு முடித்திருப்பேன். என் நோயில் மாத்திரைக்கு அடுத்து என்னைக் காப்பாற்றியது அந்த நாலு மணிச் சுண்டல் என்று தயங்காமல் சொல்வேன்.

எடையை மாதம் ஒருமுறை பார்த்தார்கள். மெஷினின் முகப்புக்கு முதுகைக் காட்டி ஏறி நிற்பேன். செவிலியர் ஒரு துண்டுச் சீட்டில் குறித்து, மடித்து டாக்டரிடம் கொடுப்பார். யாரும் வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள். வீட்டிலிருந்த எடை மெஷினை என் கணவர் தன் தங்கை வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டார். முன்னேற்றத்தை அளக்க வேறு அளவுகோல்கள் இருந்தன: மூன்று மாதச் சர்க்கரை அளவான ஹெச்பிஏ1சி, பொட்டாசியம், தூக்கம், மாதவிலக்கு, மூன்றாம் மாடி வகுப்புக்கு மூச்சிரைக்காமல் ஏற முடிகிறதா, இந்த மாதம் எத்தனை நாள் கட்டுமீறாமல் சாப்பிட்டேன். உடற்பயிற்சி என்ற பெயரில் உடம்பைத் தண்டிப்பதும் இந்த நோயின் ஒரு முகம் என்பதால், அடிக்கணக்குச் சொல்லும் செயலிகளை அழிக்கச் சொன்னார்கள். ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பின் மகனைக் கூட்டிக்கொண்டு தெருமுனை வரை நடப்போம். அவனுக்குக் கால் வலித்தால் திரும்பிவிடுவோம்.

வீட்டுக்காரர்களையும் ஒருநாள் வரவழைத்தார்கள். “எளைச்சிருக்கா, ஊதியிருக்கா, இது ரெண்டையும் மட்டும் சொல்லாதீங்கம்மா” என்று என் மாமியாரிடம் டாக்டர் கேட்டுக்கொண்டார். “பிள்ளை பெத்த உடம்புதானே, நான் என்ன சொல்லப்போறேன்” என்றார் அத்தை. சொன்னபடியே இன்றுவரை நடந்துகொள்கிறார். ஊரிலிருந்து வரும் சொந்தக்காரர்களையும் வாசலிலேயே எச்சரித்துவிடுகிறார்.

பிறகு எடையைத் தொட்டபோது இன்னொரு உடன்பாடும் செய்துகொண்டோம். பழைய பழக்கத்தின் நிழல் தெரிந்தால்கூட, எடையைக் குறைக்கும் முயற்சியை அந்த நிமிஷமே நிறுத்திவிட்டு ஒழுங்கான சாப்பாட்டுக்குத் திரும்ப வேண்டும். அதைத் தோல்வி என்று யாரும் எழுதக் கூடாது. இடையில் ஒரு பொதுத்தேர்வுச் சமயத்தில் அப்படி நிறுத்தினோம். பிறகு தொடர்ந்தோம். மெதுவாகத்தான் நடந்தது. சர்க்கரை எல்லைக்கோட்டுக்குக் கீழே வந்தது. ரவிக்கைகள் தளர்ந்தன. எடை எவ்வளவு குறைந்தது என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டிய அவசியமும் இல்லை. டாக்டரின் ஃபைலில் இருக்கிறது, அது போதும்.

‘எங்க ஓபியில் ஒரு நோயாளிக்கு மூணு நிமிஷம்தான்’ என்பீர்கள். உண்மைதான். அத்தனை வேலையையும் நீங்களே செய்ய வேண்டியதில்லை. ஒரு கேள்வி கேட்டு, ஒரு வரி பரிந்துரை எழுதினால் போதும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் உளமருத்துவப் பிரிவு இருக்கிறது. மாவட்ட மனநலத் திட்டம் இருக்கிறது. எந்த வசதியும் கைக்கெட்டாத ஊரில் இருப்பவருக்கு 14416 என்ற டெலிமானஸ் எண், அதாவது அரசின் மனநல உதவித் தொலைபேசி எண், இருக்கிறது. 2022 அக்டோபரிலிருந்து நாடு முழுக்க இயங்குகிறது, தமிழிலும் பேசலாம்.

நம் ஊரில் இந்த நோய் ஒளிந்துகொள்ள இடம் ஏராளம். செவ்வாய், வெள்ளி, சஷ்டி, பிரதோஷம் என்று ஒரு பெண் வாரத்தில் பாதிநாள் சாப்பிடாமல் இருந்தால் வீட்டில் யாரும் சந்தேகப்படமாட்டார்கள். பக்தியான பெண் என்று மெச்சுவார்கள். விரதத்தை நான் குறைசொல்லவில்லை, என் அம்மா இன்றும் சஷ்டி இருக்கிறார். ஆனால் விரதத்துக்குப் பின்னால் நோய் நிற்கிறதா என்று கேட்கக்கூடிய இடத்தில் இருப்பவர் மருத்துவர் ஒருவர்தான். என் வகுப்பில் மதிய டப்பாவைத் திறக்காமலே வீட்டுக்குக் கொண்டுபோகும் பிள்ளைகளைப் பார்க்கிறேன். பையன்களிலும் இருக்கிறார்கள். அவர்களில் சிலர் ‘டாக்டர்தான் மிஸ் குறைக்கச் சொன்னாரு’ என்று சொல்லும்போது எனக்குப் பதில் பேச வருவதில்லை.

மருந்துகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். எடைக்குறைப்பு ஊசிகளான மவுன்ஜாரோ 2025 மார்ச்சிலும் வெகோவி ஜூனிலும் இந்தியாவுக்கு வந்தன. வாரம் ஒரு ஊசியில் பசி அடங்கும். இவற்றால் பயன்பெறுபவர்கள் இருக்கிறார்கள், அதை மறுக்கவில்லை. ஆனால் குமட்டலும் வாந்தியும் இவற்றின் பரவலான பக்கவிளைவுகள். வாந்தியோடு மல்லுக்கட்டி மீண்ட ஒருத்திக்கு, சாப்பிடாமல் இருப்பதையே சாதனையாக நினைத்து வாழ்ந்த ஒருத்திக்கு, அவள் கதையைக் கேட்காமல் இந்த ஊசியை எழுதலாமா? எடைக்குறைப்புக்கு வெளிநாடுகளில் கொடுக்கப்படும் கூட்டு மருந்தில் சேரும் புப்ரோப்பியான், புலிமியாவோ அனோரெக்ஸியாவோ உள்ளவர்களுக்கு வலிப்பு அபாயம் இருப்பதால் கொடுக்கவே கூடாத மருந்து. அதே புப்ரோப்பியானை இங்கே மனச்சோர்வுக்கும் புகைப்பழக்கத்தை விடுவதற்கும் எழுதுகிறீர்கள். கேட்காமல் எழுதினால் என்ன ஆகும் என்பது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும்.

ஆகவே உங்களிடம் கேட்டுக்கொள்கிறேன்.

யாரிடமும் எடையைக் குறைக்கச் சொல்வதற்கு முன் அவர் எப்படிச் சாப்பிடுகிறார் என்று தனிமையில், கூட வந்தவர்களை வெளியே அனுப்பிவிட்டுக் கேளுங்கள். லண்டன் மருத்துவர்கள் 1999இல் வகுத்த ஸ்காஃப் கேள்விகள் ஐந்தே ஐந்து: வயிறு நிறைந்து சங்கடமாகிவிட்டது என்று வாந்தியெடுக்க வைத்துக்கொள்கிறீர்களா, எவ்வளவு சாப்பிடுகிறோம் என்பதில் கட்டுப்பாடு போய்விட்டதாகக் கவலைப்படுகிறீர்களா, மூன்று மாதத்துக்குள் எடை மிக வேகமாக இறங்கியதா, மற்றவர்கள் ஒல்லி என்று சொல்லியும் குண்டாக இருப்பதாக நம்புகிறீர்களா, சாப்பாட்டு நினைப்பே உங்கள் வாழ்க்கையை ஆள்கிறதா. இரண்டுக்கு ஆமாம் என்று பதில் வந்தால் உணவு அட்டவணையைக் கொடுக்காமல் உளமருத்துவருக்கு எழுதுங்கள். அந்தச் சிகிச்சை நடக்கும்வரை இலக்கு எடை எதுவும் வேண்டாம். சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் உரிய மருந்தை, எடை குறையட்டும் என்று காத்திராமல், இப்போதே கொடுங்கள்.

தனக்கு உண்ணல் கோளாறு இருந்தது என்று ஒருவர் தாமாகச் சொன்னால், பார்த்தால் அப்படித் தெரியவில்லை என்று சொல்லாதீர்கள். அதைச் சொல்ல அவர் எத்தனை வருஷம் தயங்கினாரோ. ஒவ்வாமையைச் சிவப்பு மையில் எழுதுவதுபோல அதையும் ஃபைலின் முகப்பில் எழுதுங்கள்.

எடை மெஷினை வராந்தாவிலிருந்து அறைக்குள் மாற்றுங்கள். எண்ணை உரக்கச் சொல்வதை நிறுத்தச் சொல்லுங்கள். எடையைப் பார்க்க விருப்பமில்லை என்று ஒருவர் சொன்னால் முதுகு காட்டி நிற்க அனுமதியுங்கள். இதற்குச் செலவு ஏதுமில்லை.

எடைப்போட்டி வாட்ஸ்அப் குழுக்களை மூடுங்கள். நோயாளியின் எடை அவருடைய மருத்துவத் தகவல். அதை முன்பின் தெரியாத நூறு பேர் முன்னால் போடவைக்கும் உரிமை எந்த மருத்துவமனைக்கும் இல்லை. உடனே மூட முடியாவிட்டால், ஒரு மருத்துவரையாவது தினமும் அதைப் படிக்க வையுங்கள். மாதவிலக்கு நின்றது, மயக்கம் வந்தது, முடி கொட்டுகிறது என்று யார் எழுதினாலும் அன்றே நேரில் கூப்பிடுங்கள்.

மருத்துவச் சங்கங்களின் பொறுப்பாளர்களுக்கு: உங்கள் தொடர்கல்விக் கூட்டங்களில் எடைக்குறைப்பு ஊசிகளுக்கு ஒரு முழு அமர்வு ஒதுக்கும்போது, உண்ணல் கோளாறுக்கு அதே மேடையில் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். பல் மருத்துவர்களையும் அழையுங்கள். மருந்து கம்பெனிகள் அச்சிட்டுத் தரும் உணவுத் தாள்களுக்குப் பதிலாகத் தமிழில் ஒரு பொதுத் தாளைச் சங்கமே தயாரிக்கட்டும். அதன் தலைப்பிலேயே, இது யாருக்குப் பொருந்தாது என்பதும் 14416 என்ற எண்ணும் இருக்கட்டும்.

என் ஊரில் அந்தக் குழுவை நடத்தும் மருத்துவமனைக்கு ஒரு தனி வேண்டுகோள். பெயரைச் சொல்லவில்லை, உங்களுக்கே தெரியும். அந்த மாணவியை இந்த வாரமே அழைத்து, ரத்தமும் ஈசிஜியும் எடுத்துப் பாருங்கள். எடையைப் பற்றி எதுவும் பேசாமல், அவள் சொல்வதைக் கேளுங்கள்.

இப்படிக்கு,
மீண்டுவரும் ஒரு பள்ளி ஆசிரியை,
மதுரை